வேலையின் முதல் நாள்

டெங்கில் வட்டாரத்தில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு வரலாறு உண்டு. இன்று புத்ராஜெயா நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் பிராங் புசார், மேடிங்லி, கேலவே, செட்ஜ்லி என்னும் நான்கு தோட்டங்கள் இருந்தன. 1995இல் அங்கே புதிய நிர்வாகத் தலைநகரின் கட்டுமானம் தொடங்கியது. அந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் ஏறத்தாழ 400 குடும்பங்கள் 1990களின் இறுதியில் டெங்கிலுக்குக் குடிபெயர்ந்தன. பால்மரக் காட்டில் பிறந்தவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் சரக்குக் கிடங்குகளிலும் வேலை தேடத் தொடங்கினார்கள்.

இந்த மாற்றத்தில் சத்தமின்றி ஒன்று விடுபட்டுப் போனது. தோட்டத்தில் பால்வெட்டும் கத்தியைப் பிடிக்கும் விதத்தைத் தாய் மகளுக்குக் காட்டிக் கொடுத்தாள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், விடியற்காலை இருட்டில் எங்கே காலை வைக்கக் கூடாது, மழை பெய்த மறுநாள் எந்த மேடு வழுக்கும் என்பவையெல்லாம் அருகில் நின்றே கற்றுக்கொள்ளப்பட்டன. தொழிற்சாலையில் சுழலும் உருளையைத் தாயும் பார்த்ததில்லை, தந்தையும் பார்த்ததில்லை. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத வேலையை வேலையிடந்தான் சொல்லித்தர வேண்டும். அதற்கென்று உள்ளதுதான் புதிய தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு அறிமுகப் பயிற்சி. அது உண்மையில் பயிற்சியாக நடக்கிறதா, சடங்காக முடிந்துவிடுகிறதா என்பதே கேள்வி.

பல வேலையிடங்களில் முதல் நாள் காலை ஒரே மாதிரிதான் இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த ஓர் இளைஞன் எட்டு மணிக்கு வந்து உட்காருகிறான். அவனோடு நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த நான்கைந்து பேர் இருக்கிறார்கள். திரையில் ஒரு காணொளி ஓடுகிறது. தலைக்கவசம், காலணி, கையுறை, தீயணைப்புக் கருவி என்று படங்கள் வந்து போகின்றன. பிறகு ஒரு பாரம். ‘பாதுகாப்பு விதிகள் அனைத்தும் எனக்கு விளக்கப்பட்டன’ என்று அதில் அச்சாகியிருக்கிறது. எல்லாரும் கையொப்பம் இடுகிறார்கள். பத்தரை மணிக்கு அவன் இயந்திரத்தின் முன் நிற்கிறான். அந்த இயந்திரத்தின் அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவனிடம் கேட்டால் சுற்றுமுற்றும் தேடுவான்.

இப்படி வாங்கப்படும் கையொப்பம் விபத்து நடந்தபின் அலுவலகக் கோப்பைக் காப்பாற்ற உதவலாம். அவனுடைய விரலைக் காப்பாற்ற அதனால் முடியாது.

புதியவர்களே அதிக ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது வெறும் ஊகம் அன்று. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ஓர் ஆய்வுக் கழகம், வேலைக்குச் சேர்ந்து முதல் மாதத்தில் இருப்பவர்கள் காயப்பட்டு விடுப்பு எடுக்கும் வாய்ப்பு, ஓராண்டுக்கு மேல் அதே வேலையில் இருப்பவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்று கண்டறிந்திருக்கிறது. இதற்கு இளமை மட்டும் காரணம் இல்லை. நாற்பது வயதில் வேறு தொழிற்சாலைக்கு மாறுகிறவரும் அங்கே புதியவர்தான். அந்த இடத்தின் ஒலிகளும் மணங்களும் அவருக்குப் பழகியிருக்காது. எந்தச் சத்தம் வழக்கமானது, எது கோளாற்றின் அறிகுறி என்று பிரித்தறிய நாள் பிடிக்கும்.

மலேசியா இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் பிற்பகலில் சுங்கை பூலோவில் இயங்கிவந்த பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 26 பேர் உயிரிழந்தனர்; நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சுற்றியிருந்த வீடுகளும் சேதமடைந்தன. அதற்கடுத்த ஆண்டு தேசியத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரக் கழகமான நியோஷ் உருவானது. இன்று அதன் தலைமையகம் டெங்கிலுக்கு அதிகத் தொலைவில் இல்லாத பண்டார் பாரு பாங்கியில் இருக்கிறது. 1994இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. அச்சட்டத்தின் பின்னணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சுங்கை பூலோவின் பெயர் இன்றும் எழுகிறது.

அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு முதலாளி மீது ஒரு தெளிவான கடமையைச் சுமத்துகிறது. தொழிலாளிக்குத் தகவலும் அறிவுறுத்தலும் பயிற்சியும் மேற்பார்வையும் தரப்பட வேண்டும். இவை நான்கும் தனித்தனியே சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். காணொளி தகவலைத் தரலாம், பயிற்சி ஆகாது. சுவரில் ஒட்டிய விதிகள் அறிவுறுத்தல் ஆகலாம், மேற்பார்வை ஆகா. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதன்பின் மிகச் சில விதிவிலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களும் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. கடமை தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஐந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறையும் இப்போது தன் ஊழியர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். சட்டத்தில் குறை இருப்பதாகச் சொல்வதற்கில்லை. அது அந்த இளைஞன் நிற்கும் இடம்வரை வந்து சேரவில்லை.

தொழிற்சாலைகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை மிக எளியவை. உருளையில் ஒட்டிய பிசினைத் துடைக்க, இயந்திரத்தை நிறுத்தாமலே துணியோடு கையை நீட்டுவது அவற்றுள் ஒன்று. துணியின் நுனி சிக்கினால் கை பின்னால் போகும். கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. அதனால்தான் துடைப்பதற்கோ பழுது பார்ப்பதற்கோ முன்பு மின்சாரத்தை நிறுத்தி, விசைப்பலகையைப் பூட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற முறை இருக்கிறது. பூட்டு எதற்கு என்று சொல்லாமல் ‘பூட்டு’ என்று மட்டும் சொன்னால், அவசரமான நாளில் புதியவர் அதைத் தவிர்த்துவிடுவார். அவர் உள்ளே கைவிட்டிருக்கும்போது மறுபக்கத்தில் இருப்பவர் விவரம் அறியாமல் விசையைத் தட்டக்கூடும் என்பதை ஒருமுறை நேரில் காட்டிவிட்டால், பிறகு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இரைச்சலின் கதை வேறு. அதில் இரத்தம் வராது. 2019இல் வந்த இரைச்சல் விதிமுறைகள் ஒரு நாள் வேலைக்கு 85 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. இந்த எண் புதிய தொழிலாளிக்கு எதையும் சொல்லாது. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த இடத்தில் காதுக்கு ஆபத்து என்று சொன்னால் உடனே விளங்கும். இரைச்சலால் போகும் கேள்திறன் திரும்பி வராது. முதலில் மெல்லிய ஒலிகள் போகும். பிறகு கூட்டத்தில் பேச்சு புரியாமல் போகும். அதற்குப் பத்து ஆண்டுகளும் ஆகலாம். அப்போது அந்தத் தொழிற்சாலையே அங்கே இல்லாமல் போயிருக்கலாம். காதடைப்பானைச் சரியாகச் செருகுவதும் ஒரு கலையே. உருட்டிச் சுருக்கி, மற்றொரு கையால் காது மடலை மேலே இழுத்துச் செருகி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். இதைக் காட்டாமல் பொட்டலத்தை மட்டும் கையில் கொடுத்தால் பாதி பேர் அதைக் காதின் வாசலில் ஒட்டிவைத்திருப்பார்கள்.

இரசாயனத்தைப் பற்றி டெங்கிலின் மூத்தவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தோட்டங்களில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2002இல் தெனாகனித்தா அமைப்பு வெளியிட்ட ஆய்வு, மருந்தடித்தவர்களின் தோல் எரிச்சலையும் மூக்கிலிருந்து வந்த இரத்தத்தையும் கழன்ற நகங்களையும் பதிவு செய்தது. அந்த மருந்து மலேசியாவில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2020 ஜனவரி முதல் நாளில்தான். தாய் கத்தியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தாள். மருந்தைப் பற்றிச் சொல்ல அவளுக்கே யாரும் சொல்லியிருக்கவில்லை. பழைய அனுபவம் எல்லா ஆபத்துக்கும் துணை வராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை அறிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

அதே ஆபத்து இன்று பட்டறைகளில் வேறு உருவில் இருக்கிறது. கரைப்பானைப் பெரிய பீப்பாயிலிருந்து குடிநீர்ப் புட்டியில் ஊற்றி மேசைமேல் வைக்கும் பழக்கம் அது. தாகத்தோடு வருபவர் புட்டியைத்தான் பார்ப்பார். 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆபத்தான இரசாயனக் கலன்களில் சிவப்புக் கரையிட்ட சாய்சதுரக் குறியீடுகளும், தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய எச்சரிக்கைகளும் இருக்க வேண்டும். புட்டி மாறினால் எல்லாமே போய்விடும்.

மொழியைப் பற்றியும் பேசியாக வேண்டும். நேப்பாளத் தொழிலாளிக்கு மலாய்மொழிக் காணொளியைக் காட்டிக் கையொப்பம் வாங்குவது எந்த வகையிலும் பயிற்சி ஆகாது. ‘சில மாதங்களில் மொழி பழகிவிடும்’ என்கிறார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சில மாதங்கள்தாம் அவருக்கு மிக ஆபத்தானவை. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு விரிவுபடுத்தப்பட்டது நல்ல செய்தி. இருப்பினும் இழப்பீடு கை போனபின் வருவது. முன்பே வந்த ஒரு நாட்டவரை மொழிபெயர்க்க அமர்த்தினாலே போதும். சொன்னதைத் திரும்பச் செய்து காட்டச் சொன்னால் விளங்கியதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

முதலாளிகளின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துபவர், ‘பயிற்சி கொடுத்து அனுப்புவதற்குள் அவன் அடுத்த தொழிற்சாலைக்குப் போய்விடுகிறான்’ என்கிறார். இந்தக் கவலை பொய் இல்லை. ஆனால் ஒரு மாதமே இருக்கப்போகிறவர் அந்த ஒரு மாதத்தில்தான் காயப்படுகிறார். கட்டுமானத் துறை இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன் பாதுகாப்பு அறிமுகப் பயிற்சிக்கும் போக வேண்டும். அட்டை தொழிலாளியுடையது, தளம் மாறினாலும் அது அவரோடு போகும். தொழிற்சாலைகளில் பயிற்சியின் தரம் பெரும்பாலும் அந்தந்த முதலாளியின் மனத்தைப் பொறுத்தே இருக்கிறது. இத்தகைய பொதுப்பயிற்சி அங்கும் வரலாம். அதோடு நிறுத்திவிடக் கூடாது. பொதுப்பயிற்சி இயந்திரத்தை அறியாது. இந்த இடத்தின் இந்த இயந்திரத்தை, இதில் பல ஆண்டு வேலை செய்தவர்தான் அறிமுகப்படுத்த முடியும்.

அந்தப் பல ஆண்டு அனுபவசாலியே சில நேரங்களில் தடையாகவும் இருக்கிறார். காதடைப்பான் போட்ட புதியவனைப் பார்த்து, “என்ன தம்பி, இதுக்கே பயந்துட்டியா?” என்று சிரிப்பவர் அவர்தான். இருபது ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை என்பது அவருடைய பெருமை. கொடுத்த பாதுகாப்புக் கருவியை அணிவது தொழிலாளியின் சட்டக் கடமை என்று 24ஆம் பிரிவு சொல்வதும், தவறினால் அபராதம் உண்டு என்பதும் அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். பயிற்சியை அவர் பொறுப்பில் விட்டு, அந்த நேரத்துக்கு உற்பத்திக் கணக்குக் கேட்காமல் கூலியைக் கொடுத்தால் நிலைமை மாறும். சொல்லிக் கொடுக்கும் இடத்தில் நிற்பவர் தாம் அணியாமல் நிற்கக் கூசுவார்.

முதல் நாளில் கட்டாயம் சொல்லப்பட வேண்டியது இன்னொன்று உண்டு. பெரும்பாலும் சொல்லப்படாததும் அதுவே. திருத்தப்பட்ட சட்டத்தின் 26அ பிரிவின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கவோ பாரபட்சமாக நடத்தவோ கூடாது. பதினெட்டு வயதில் முதல் சம்பளத்துக்காக வந்திருப்பவன் இதைத் தானாகத் தெரிந்துகொள்ள மாட்டான். மேற்பார்வையாளர் ‘செய்’ என்றால் செய்வான். வீட்டில் அவன் சம்பளத்தை எதிர்பார்த்து இருக்கிறார்கள். ‘பயமாக இருந்தால் நிறுத்து, என்னிடம் வந்து சொல், உன் வேலை போகாது’ என்று அந்த மேற்பார்வையாளரே முதல் நாள் காலையில், எல்லார் முன்னிலையிலும், அவனுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. கையொப்பப் பாரத்தை அதற்குப் பிறகு நீட்டலாம்.