பார்த்தும் நிற்காத கார்!

2018, மார்ச் 18. ஞாயிறு இரவு 10 மணி இருக்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டெம்பி நகரில் 49 வயதுப் பெண் ஒருவர், சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடக்கிறார். ஊபர் நிறுவனம் சோதனைக்கு விட்டிருந்த, தானாக ஓடும் கார் அவர்மீது மோதுகிறது. இப்படியொரு கார் மோதி பாதசாரி உயிரிழந்தது அதுவே முதல்முறை.

இருட்டில் காருக்கு அவர் தெரிந்திருக்க மாட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே அந்தக் கார் அவரைக் கண்டுவிட்டது என்கிறது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை. அந்த வேகத்தில் அது நூறு மீட்டருக்கும் அதிகமான தூரம். தாராளமாக நிறுத்தியிருக்கலாம்!

இந்த கார்களுக்குக் கண்கள் பலவிதம். கேமரா, சிக்னலின் நிறத்தைப் பார்க்கும், பலகையைப் படிக்கும். இருட்டும் எதிர்வெயிலும் அதற்கு ஆகாது. ரேடார், மழையிலும் பனியிலும் எதிரே வருவதன் தூரத்தையும் வேகத்தையும் சொல்லும். உருவம் அவ்வளவாகப் பிடிபடாது. அதற்குத்தான் லைடார். வௌவால் ஒலியை வைத்துச் செய்வதை, இது லேசர் ஒளியை வைத்துச் செய்கிறது. 60 மீட்டர் தள்ளி நிற்பவர்மீது பட்டு ஒளி திரும்பிவர ஆகும் நேரம், ஒரு விநாடியில் 25 லட்சத்தில் ஒரு பங்கு. அதை அளந்தே சுற்றுப்புறத்தை முப்பரிமாணத்தில் வரைந்துவிடுகிறது. (டெஸ்லாவோ 'லைடாரே வேண்டாம், கேமரா போதும்' என்கிறது.)

டெம்பியில் ஓடிய காரில் இந்த மூன்றுமே இருந்தன. பார்ப்பதில் குறையில்லை. பார்த்தது என்ன, அடுத்து அது எங்கே நகரும் என்பதில்தான் கோட்டைவிட்டது.

முதலில் 'வாகனம்' என்றது. பிறகு 'வேறு ஏதோ' என்றது. பிறகு 'சைக்கிள்'. இப்படி மாறி மாறி முடிவெடுத்த ஒவ்வொரு முறையும், அவர் அதுவரை நகர்ந்துவந்த பாதையின் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. பாதசாரிகளுக்கான கோடு இல்லாத இடத்திலும் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்பதே அந்த மென்பொருளுக்குத் தெரியாது. எந்த ஊர்ச் சாலையைப் பார்த்து எழுதினார்களோ!

மோதுவதற்கு 1.2 விநாடிகள் இருக்கும்போதுதான் ஆபத்து உறைத்தது. அப்போதும் பிரேக் விழவில்லை. வீண் சந்தேகத்துக்கெல்லாம் சடன் பிரேக் போடக் கூடாதென்று, ஒரு விநாடி பொறுக்கும்படி அமைத்திருந்தார்கள். வால்வோ நிறுவனம் அந்தக் காரில் வைத்திருந்த அவசர பிரேக் வசதியும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஸ்டீயரிங் முன் கண்காணிப்புக்காக அமர்ந்திருந்தவரின் பார்வையோ போனில்.

அவர் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனை. ஊபர்மீது கிரிமினல் வழக்கு இல்லை. விபத்துக்குப் பிறகு அந்த ஒரு விநாடிப் பொறுமையை நீக்கியது. அணைத்திருந்த பிரேக்கையும் இயக்கியது. 2020-ல் தானியங்கி கார் பிரிவையே விற்றுவிட்டது.

இன்று அதே டெம்பியில் கூகுளின் சகோதர நிறுவனமான வேமோவின் கார்கள், ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாமல் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.