வாளிதானா விஞ்ஞானம்?

2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் மெரினா, திருவான்மியூர் வரை பரவி, நம் ராஜா அண்ணாமலைபுரத்துக்கு எதிரேயுள்ள கடலையும் விடவில்லை. உறிஞ்சு குழாய்கள் திணறின. சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் யந்திரம் அனுப்பிய நாட்டார் கடைசியில் எதை எடுத்தார்கள்? வாளியை! 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் புகுந்தபோதும், எவருடைய வலை கெட்டதோ அந்த மீனவரே குவளையால் அள்ளினர்.

வேறு வழியே இல்லையா? எண்ணெயை உறிஞ்சித் தானே மிதந்து செல்லும் யந்திரத்தை 2010-லேயே அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் செய்து காட்டினர். கடலிலுள்ள ‘ஆல்கனிவோராக்ஸ்’ என்னும் நுண்ணுயிர் எண்ணெயையே உணவாகத் தின்கின்றது. இது அற்புதமுமல்ல, அவதாரமுமல்ல. அதற்குப் பிராணவாயுவும் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும், நாளும் பிடிக்கும். ஆகவே முதலில் யந்திரம் அள்ள வேண்டும். மிச்சத்தை நுண்ணுயிர் தின்ன வேண்டும்.

பின் வாளி ஏன்? ஏழையின் கை மலிவு என்பதன்றி வேறு காரணமுண்டா? அழுக்கை அள்ளவே சிலர் பிறந்தனர் என்று நம்பிவந்த நாட்டில், அதற்கு யந்திரம் வேண்டுமென்ற எண்ணம் எளிதில் உதிக்குமா? கப்பலின் லாபத்தில் பங்கில்லாதவனுக்கு அதன் அழுக்கில் மட்டும் பங்கா என்று கேட்கின்றோம். அடுத்த கப்பல் மோதுமுன் ஒவ்வொரு துறைமுகத்திலும் யந்திரம் தயாராக நிற்கட்டும். வாளி கிணற்றடிக்குப் போகட்டும்!