சீட்டு காலுக்கு, ஹேண்டில் முதுகுக்கு

சைக்கிளில் ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்ந்து இருக்கணும், அதுதான் சரியான முறை என்று சொல்லிக்கிட்டு வர்ற நகரத்து நண்பர்களுக்கு இந்தப் பதிவு. கோபப்படாம கடைசி வரைக்கும் படிங்க.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்க ஊர் வழியா ஹெல்மெட், கையுறை எல்லாம் போட்டுக்கிட்டு சைக்கிள் கூட்டம் வருது. வரட்டும், நல்ல விஷயம். டீக்கடையில் நிறுத்தி நாலு வார்த்தை பேசுறாங்க, அதுவும் நல்ல விஷயம். ஆனா பால்காரர் சைக்கிளைப் பார்த்து, "அண்ணே, ஹேண்டில் ரொம்ப மேல இருக்கு, இறக்குங்க. மிதிக்க ஈசியா இருக்கும்" என்று சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பொறுக்கலை.

பந்தயக்காரர் எதுக்குக் குனியறார்? காற்றுக்காக. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போறவருக்குப் பெரிய எதிரி காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நாலு மடங்காகும். அதனால் உடம்பைச் சுருக்கி, தலையைத் தாழ்த்திப் போறார். நம்ம பால்காரர் போறது மணிக்கு 12 கிலோமீட்டர். அதே கணக்கைப் போட்டால், பந்தயக்காரர் சந்திக்கிற தடையில் பதினொன்றில் ஒரு பங்குதான் இவருக்கு. ஆடிக்காத்து எதிரே அடிச்சா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போவார், அவ்வளவுதான். இவருக்கு எதிரி ரோட்டுக் குழி, மணல் திட்டு, திடீர்னு குறுக்கே ஓடி வர்ற ஆட்டுக்குட்டி. அதுக்கெல்லாம் தலை நிமிர்ந்திருக்கணும்.

இன்னொண்ணு. குனிஞ்சா உடம்பின் பாரம் கைக்கு இறங்கும். வேகமா அழுத்தி மிதிக்கிறவருக்கு அந்த மிதியே பாதிப் பாரத்தைத் தாங்கிக்கும். மெதுவா மிதிக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. உள்ளங்கை மரத்துப்போகும், சுண்டு விரலும் மோதிர விரலும் குறுகுறுக்கும், கழுத்து பிடிச்சுக்கும். பகல் முழுக்கக் குனிஞ்சு களை பறிச்ச மனுசன் வீட்டுக்குப் போறப்பவும் குனிஞ்சுக்கிட்டேதான் போகணுமா?

பழைய 28 அங்குலச் சக்கரத்து சைக்கிளில் ஹேண்டில் உயர்ந்து, பின்பக்கமா வளைஞ்சு கைக்கு வந்து நிக்குமே, அது விவரம் தெரியாம செஞ்சது இல்லை. நிமிர்ந்து உட்காரணும், மூட்டை ஏத்தணும், மோசமான ரோட்டில் போகணும் என்று யோசிச்சுச் செஞ்சது. நிமிர்ந்து உட்கார்ந்தா பாரம் சீட்டுக்கு வரும். அதனாலதான் அதுக்கு அகலச் சீட்டும் ஸ்பிரிங்கும்.

உங்க சைக்கிள் உங்களுக்குச் சரி. 100 கிலோமீட்டர் வேகமா போகணும்னா ஹேண்டில் தாழ்ந்துதான் இருக்கணும். உங்க அளவை எல்லார் தலையிலும் கட்டுறதுதான் தப்பு.

அதனால் வர்ற கேட்டையும் சொல்றேன். உங்களைப் பார்த்து எங்க பையன்களும் நேர் ஹேண்டில், தடி டயர் சைக்கிள் வாங்குறாங்க. கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, போகட்டும். ஒரு வாரத்தில் முதுகு வலிக்குது. உடனே என்ன செய்றாங்க? சீட்டை இறக்கி ஹேண்டிலுக்குச் சமமா வச்சுக்கிறாங்க. முதுகு தப்பிச்சுது, முட்டி மாட்டிக்கிச்சு. சீட்டு தாழ்ந்தா ஒவ்வொரு மிதியிலும் முட்டி அதிகமா மடங்கி, மடங்கின நிலையிலேயே அழுத்தணும். முட்டிச்சில்லு மேல பாரம் ஏறும். குந்தி உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி, அதுவும் நிமிஷத்துக்கு அம்பது அறுபது தடவை.

சீட்டு உயரத்தை முடிவு பண்ண வேண்டியது கால். ஹேண்டிலுக்கு அதில் பேச்சே கிடையாது. சுவத்தில் சாய்ஞ்சு சைக்கிள் மேல உட்காருங்க. குதிகாலைப் பெடலில் வச்சு அடி வரைக்கும் இறக்குங்க. கால் நேரா நீளணும், இடுப்பு சாயக்கூடாது. அதுதான் உயரம். அப்புறம் முன்பாதத்தால் மிதிச்சா முட்டி லேசா மடங்கி இருக்கும். அளந்து பார்க்கணும்னா, தொடையிடுக்கிலிருந்து தரை வரைக்கும் உள்ள நீளத்தை 0.883 ஆல் பெருக்குங்க. 80 செ.மீ. என்றால் சுமார் 70.6 செ.மீ. பெடல் கட்டை சுத்துற அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரைக்கும் அந்த அளவு வரணும். சீட்டுக் கம்பியில் எல்லைக் கோடு போட்டிருந்தால் அதுக்கு மேல தூக்காதீங்க.

சீட்டை வச்ச பிறகுதான் ஹேண்டில். முதுகும் கையும் கேக்கிற உயரத்தில் வையுங்க. மேலேயோ, சமமோ, கீழேயோ, உங்க வேலையைப் பொறுத்தது. கம்பி பிரேக் வண்டியா இருந்தா ஹேண்டிலைத் தூக்கின பிறகு பிரேக்கைச் சரிபண்ணாம ஓட்டாதீங்க.

"உட்கார்ந்தா கால் தரையில் பதியணுமே" என்பார்கள். மூட்டை ஏத்துற வண்டிக்குக் கொஞ்சம் இறக்கிக்கலாம், அது நியாயம். மத்தவங்களுக்கு நுனிவிரல் தொட்டாலே போதும். நிறுத்துறப்ப சீட்டிலிருந்து முன்னால இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகினா விழ மாட்டாங்க.

இவ்வளவும் எழுதினது பால்காரருக்காக மட்டும் இல்லை. பதினொண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்குது. எங்க பக்கத்துப் பிள்ளைகளில் நாலே முக்கால் அடியும் உண்டு, அஞ்சரை அடியும் உண்டு. சீட்டு மட்டும் எல்லாருக்கும் வந்த உயரத்திலேயே நிக்குது. ஒரு பொண்ணு முட்டி ஹேண்டிலில் இடிக்க மிதிக்குது. இன்னொண்ணு இடுப்பை ஆட்டி ஆட்டி எட்டி மிதிக்குது. கொஞ்ச நாளில் "கால் வலிக்குதும்மா" என்று சைக்கிள் திண்ணையில் சாய்ஞ்சிடுது, பொண்ணு பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்குது. பஸ் வராத அன்னைக்குப் பள்ளிக்கூடமும் போச்சு.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தப்ப ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவங்க ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினாங்க. தண்ணிக்கும் வேலைக்கும் ஆம்பளைத் துணைக்குக் காத்து நிக்காம போனாங்க. அப்படிக் கிடைச்ச சக்கரத்தை ஒரு நட்டு முறுக்காத சோம்பேறித்தனத்தில் நம்ம பிள்ளைங்க இழக்கலாமா?

நகரத்து நண்பர்களே, உங்க பையில் நல்ல ஸ்பேனர் இருக்கு, அளவு தெரிஞ்ச கண்ணும் இருக்கு. அடுத்த வாரம் வர்றப்ப ஹேண்டில் பாடத்தை விட்டுட்டு, பத்துப் பிள்ளைங்க சீட்டை அவங்கவங்க காலுக்கு ஏத்த மாதிரி வச்சுக் கொடுத்துட்டுப் போங்க. டீ நான் வாங்கித் தர்றேன்.