லாபான் வீட்டுக் கணக்கு



தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தூரமே. குற்றாலச் சாரல் இரண்டு ஊரையும் ஒன்றுபோலவே நனைக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் கிறிஸ்தவ மகளின் பங்கு இவ்விரு ஊர்களிலும் ஒன்றாயிருக்கவில்லை. 1956 நவம்பர் 1இல்தான் செங்கோட்டை நம் மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர்ச் சீமை. அங்கே 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் மரித்தால், மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலே போதும், பங்கு போயிற்று! பிரிட்டிஷ் ஆளுகையிலிருந்த தென்காசியிலோ, இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனையும் மகளையும் சமமாக எண்ணிற்று.

மேரி ராய் தொடுத்த வழக்கில், திருவிதாங்கூர்ச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அது அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு தரும் சமத்துவத்துக்கு விரோதமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் செல்லவில்லை.

சட்டம் போயிற்று, வழக்கம் போகவில்லை. திருமணம் பேசி முடித்தபின் மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இனி என்ன பங்கு என்கிறார்கள். 1916இன் சட்டமும் இதைத்தானே சொல்லிற்று? அரசு இயற்றும் சட்டத்தையாவது 14ஆம் பிரிவைக் காட்டி எதிர்க்கலாம். அப்பாவும் அண்ணனும் நீட்டுகிற தாளை எதிர்க்க, அவள் அவர்கள்மேலேயே வழக்குப் போடவேண்டும். எத்தனை பெண்கள் போடுவார்கள்?

தகப்பன் உயிரோடிருக்கையில், பின்னால் வரக்கூடிய பங்கை விட்டுக்கொடுப்பது சொத்து மாற்றச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆயினும் அதற்கு ஈடாகப் பணமோ நகையோ பெற்றவள் பிற்பாடு பங்கு கேட்கக்கூடாதென்று நீதிமன்றம் தடுக்கவும் கூடும். ஆகவே அந்தத் தாளில் நகைக் கணக்கு இருந்தால், அது சும்மா எழுதப்பட்டதல்ல.

லாபான் தன் குமாரத்திகளை முன்வைத்து யாக்கோபோடு பதினான்கு வருஷ வேலைக்கு ஒப்பந்தம் பேசினான். பிற்பாடு ராகேலும் லேயாளும், தகப்பன் தங்களை அந்நியராக எண்ணி விலையாக்கிவிட்டானென்று முறையிட்டதை ஆதியாகமம் 31இல் காண்கிறோம். இந்த அதிகாரத்தை நாம் திருமணப் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, ஆட்சேபணை உண்டோ என்று சபையாரைக் கேட்கிறோம். விடுதலைப் பத்திரத்தை எவரும் அப்படி வாசிப்பதில்லை. என் எண்ணத்தில் அது கேட்கவே கூடாத கையெழுத்து. கேட்டே தீருவோம் என்கிற பெற்றோர், மகள் தானே தெரிந்துகொள்ளும் வழக்கறிஞரிடம் அதைக் காட்ட அவளுக்கு நாள் கொடுங்கள். மணமகளே, கல்யாண வாரத்தில் நீட்டப்படும் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதே.