அரைமணி நேரமும் ஒரு பிடி சோறும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

"எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் பகல் பன்னிரண்டரை மணிக்கு ஒரகடம் தொழிற்பேட்டையில் ஒரு நாள் நின்று பார்த்திருந்தால், "வயிறே பிரதானம்" என்று திருத்தியிருப்பார்கள்! கடந்த கோடை விடுமுறையில் நாற்பது நாட்கள் அங்கே நின்று பார்த்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆலை வாசலை முதலில் மிதித்தவள் என் அக்கா. செய்யாறு பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. அக்கா ஒரகடத்துக்கு அருகே ஒரு வாடகை வீட்டில் ஐந்து தோழிகளோடு தங்கி, பெரிய ஆலை ஒன்றில் வேலை செய்கிறாள். இரண்டாம் ஆண்டுப் புத்தகச் செலவுக்காவது ஆகட்டுமே என்று விடுமுறையில் நானும் அவளோடு போய்ச் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு சிறிய உதிரிபாகக் கம்பெனியில் பாக்கிங் வேலை. மொத்தம் நாற்பது பேர். மேற்பார்வையாளர் முதல் காவலாளி வரை எல்லோரும் நல்லவர்கள்தாம். ஆனால் அங்கே கேன்டீன் இல்லை. உட்கார்ந்து சாப்பிட ஓர் அறையும் இல்லை.

வேலைக்குப் போகும் முன் அக்கா சொன்ன அறிவுரைகள் பல. செருப்பு எப்படி இருக்க வேண்டும், துப்பட்டாவை எப்படி முடிய வேண்டும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். "மத்தியானம் எங்கே சாப்பிடுவே?" என்று மட்டும் கேட்க மறந்துவிட்டாள். அவள் ஆலையில் சோறு, சாம்பார், பொரியல், மோர் எல்லாம் உள்ளேயே கிடைப்பதால் அவளுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

இந்தப் பகுதியை அறியாத நண்பர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். ஏரியும் வயலும் பனந்தோப்புமாக இருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தின் இந்தப் பக்கத்தை மாற்றியது மோட்டார் வாகனத் தொழில். இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் அடிக்கல் நாட்டிய ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-இல் கார்கள் வெளிவந்தன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லரின் லாரி ஆலையும் தொடங்கின. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்-சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் சந்திக்கும் ஒரகடம் கூட்டுச்சாலை இன்று இரவிலும் உறங்குவதில்லை.

ஒரு காருக்குப் பல்லாயிரம் உதிரிபாகங்கள். அவற்றைச் செய்து தரப் பெரிய ஆலையைச் சுற்றி நடுத்தரக் கம்பெனிகள். அவற்றுக்குச் செய்து தரச் சின்னக் கம்பெனிகள். கார் ஒன்றுதான். அதைச் செய்தவர்களின் சாப்பாடு மட்டும் ஒன்றல்ல. மேல் படியில் தட்டு நிறைந்திருக்கிறது. கீழே இறங்க இறங்கத் தட்டு சிறுத்து, கடைசிப் படியில் பொட்டலமாகிவிடுகிறது.

முதல் நாள் வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று கிளம்பினேன். இயற்பியல் மாணவி அல்லவா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். உணவு இடைவேளை முப்பது நிமிடம். வாசலில் சோதனை முடித்து வெளியேற நான்கு நிமிடம். கடை வரை நடக்க எட்டு. சோறு வாங்க ஐந்து. திரும்பி வர எட்டு. மறுபடியும் வாசலில் நான்கு. கூட்டினால் இருபத்தொன்பது! மீதி ஒரு நிமிடத்தில் சாப்பிட வேண்டும். எந்த விதியாலும் இந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது என்று தெரிந்து, ஒரு வாழைப்பழத்தோடு திரும்பினேன்.

அந்த நெடுஞ்சாலையில் ஓட்டல்களே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஏராளமாக உண்டு. சென்னை-பெங்களூரு சாலையில் பித்தளை டபரா படம் போட்ட "கும்பகோணம் டிகிரி காபி" பலகைகளைக் காணாமல் யாரும் கடக்க முடியாது. கொரியாவிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு அவர்கள் ஊர்ச் சாப்பாடே ஸ்ரீபெரும்புதூரில் கிடைக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்களுக்காக இந்தியில் பலகை எழுதிய ரொட்டிக் கடைகளும் முளைத்திருக்கின்றன. இவை எல்லாம் நல்லவைதாம். ஆனால் சாலையோர ஓட்டல்கள் காரில் போகிறவர்களுக்காகக் கட்டப்பட்டவை. வண்டி நிறுத்த விசாலமான இடம் உண்டு. நடந்து வருகிறவளுக்கு வழி இல்லை. கடந்து போகிறவர்களுக்கு வசதி இருக்கிறது, அங்கேயே உழைக்கிறவர்களுக்கு இல்லை!

பிறகு நாங்கள் எங்கே சாப்பிட்டோம்? ஆண்கள் வாசலுக்கு எதிரே புங்கமரத்தடியில். பெண்கள் உள்ளேயே, அடுக்கி வைத்த மரப்பலகைகளுக்குப் பின்னால், அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் போட்டு. காலை நான்கு மணிக்கு எழுந்து கட்டிய எலுமிச்சைச் சோறு மே மாதத்துத் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வாரத்தில் ஒரு வழி பிறந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா மொபெட்டில் இரண்டு பெரிய டப்பாக்களைக் கட்டிக்கொண்டு வருவார். புளிசாதம், தயிர்சாதம், தக்காளி சாதம். தொட்டுக்கொள்ள ஊறுகாய், ஒரு மசால்வடை. பொட்டலம் நாற்பது ரூபாய். சூடாக இருக்கும், சுத்தமாக இருக்கும். அவருடைய குடும்பம் கூலிக்குப் போன வயல்தான் இன்று தொழிற்பேட்டையாக நிற்கிறது. "அப்போ இங்க நாத்து நட்டேன், இப்போ இங்கயே சோறு விக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது யாரேனும் வந்து, "ரோட்டோரம் நிக்காதே, போ" என்று அவரை விரட்டுவார்கள். அன்று எங்கள் எல்லோருக்கும் வாழைப்பழம்தான்.

சாப்பாட்டுக்கு ஒரு வழி கிடைத்தது. காபிக்கு? சாலை முனையில் ஒரு டீக்கடை. பாய்லர், கண்ணாடித் தம்ளர், பன், வடை எல்லாம் உண்டு. ஆனால் அங்கே ஒரு பெண்கூட நின்று நான் பார்த்ததில்லை. ஷிப்ட் முடிந்து களைத்து வரும் பெண்கள் அந்தக் கடையைக் குனிந்த தலையோடு கடந்து போவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மாலை, உடன் வேலை செய்த நால்வரை இழுத்துக்கொண்டு போய், "அண்ணே, அஞ்சு காபி" என்றேன். கடையில் இருந்தவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். மாஸ்டர் அண்ணன் எதுவும் பேசாமல் உள்ளே போய் ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து வெளியே போட்டார். அவ்வளவுதான்! அடுத்த வாரம் அந்த பெஞ்சில் எங்களுக்கே இடம் கிடைக்கவில்லை. வேறு கம்பெனிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கேதான் ஓர் உண்மை எனக்குப் புரிந்தது. டீக்கடையில் விற்பது டீ மட்டுமன்று. எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்த ஒப்பந்தக்காரர் ஓவர்டைம் பணத்தைப் பிடித்து வைக்கிறார், சேமநல நிதிக் கணக்கைத் தொலைபேசியில் எப்படிப் பார்ப்பது, ஈ.எஸ்.ஐ. அட்டைக்கு எங்கே போக வேண்டும் — இவை எல்லாம் அந்தப் பத்து நிமிடப் பேச்சில் கிடைக்கின்றன. என்னோடு இருந்த ஓர் அக்கா, இரண்டு வருடமாகத் தன் பெயரில் நிதி கட்டப்படுகிறதா என்று தெரியாமலே இருந்தார். பக்கத்தில் நின்ற ஓட்டுநர் அண்ணன் ஒருவர் சொல்லித்தான் பார்த்தார். உட்கார்ந்து காபி குடிக்க இடமில்லாத பெண்ணுக்குக் காபி மட்டுமா இல்லாமல் போகிறது? செய்தியும் போகிறது, துணையும் போகிறது.

சட்டம் ஒன்றும் சொல்லவில்லையா? சொல்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் வைக்கச் செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரைமணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் விதித்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு, உணவகத்துக்கான அந்த எண்ணை ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 ஆகக் குறைத்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் நாற்பது பேர் வேலை செய்யும் எங்கள் கம்பெனி எந்தக் கணக்கிலும் வராது. நாற்பது பேருக்குப் பசி குறைவாகவா இருக்கும்?

சோறு சிறிய விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை பல நாட்கள் மூடிக் கிடந்தது. உலகமெங்கும் போகும் ஐபோன்களைச் செய்கிற ஆலையை நிறுத்தியது இயந்திரக் கோளாறன்று. ஒரு வேளைச் சோறு! அதன்பின் மனம் வைத்தபோது நல்லதும் நடந்தது. வல்லம்-வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆகவே, செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. தொழிற்பேட்டைக்கு வரைபடம் போடும்போது சாலைக்கும் மின்நிலையத்துக்கும் கழிவுநீருக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். அதே வரைபடத்தில் அரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சாப்பாட்டுக்கும் இடம் ஒதுக்கட்டும். ஒரு கூரை, சில பெஞ்சுகள், குடிநீர், கழிப்பறை போதும். சமைக்க ஆள் தேட வேண்டாம். மொபெட்டில் வரும் அந்த அக்காவைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் சமைத்துப் பரிமாறுபவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தாமே! 1950-களில் காபி வாரியம் தன் காபி இல்லங்களை மூடி ஆட்களை அனுப்பியபோது, அந்தத் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து இந்தியன் காபி ஹவுஸை நடத்திக் காட்டினார்கள். நம் ஊர்ப் பெண்களாலும் முடியும்.

"சாலையோர உணவு சுகாதாரமற்றது, அதை ஊக்குவிக்கலாமா?" என்று சிலர் கேட்பர். தண்ணீரும் இடமும் தராமல் தெருவில் நிறுத்திவிட்டுச் சுகாதாரம் இல்லை என்று குறை சொல்வது நியாயமா? இடம் கொடுங்கள்; பிறகு சோதனை செய்யுங்கள். "அரைமணி நேரத்துக்கு மேல் விட்டால் உற்பத்தி கெடும்" என்பார்கள் சிலர். கூப்பிடு தூரத்தில் சாப்பாடு இருந்தால் அரைமணி நேரமே போதும். நடந்தே கழிந்த என் இருபது நிமிடங்களால் யாருக்கு என்ன உற்பத்தி பெருகியது?

சுங்குவார்சத்திரம் என்ற ஊர்ப் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. வழிநடந்து வந்தவனுக்குச் சோறும் நிழலும் தந்ததன் நினைவு அது. மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசி தீர்த்தது இதே காஞ்சி நாட்டில் என்று காப்பியம் சொல்கிறது. காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரித்த சத்துணவும் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் கல்லூரி வரை வந்திருப்போமா? பத்தாம் வகுப்பு வரை நான் சாப்பிட்டது அந்தத் தட்டில்தான். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று கண்டுகொண்ட நாடு, அதே பிள்ளை வளர்ந்து இயந்திரத்தின் முன் நிற்கும்போது மறந்துவிடலாமா?

நண்பர்களே! மூன்றாம் ஆண்டில் வேலைவாய்ப்பு முகாமுக்கு நம்மில் பலர் போய் நிற்போம். சம்பளம் எவ்வளவு, பஸ் உண்டா, விடுமுறை எத்தனை என்று கேட்போம். அவற்றோடு, "சாப்பாட்டு நேரம் எவ்வளவு? எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?" என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நேர்முகத் தேர்வுக்கு எங்களைத் தயார் செய்யும்போது இந்தக் கேள்வியையும் கற்றுத் தாருங்கள்.

நாங்கள் ஐவர் கேட்டதற்கு ஒரு பெஞ்சு வெளியே வந்தது. ஐந்நூறு பேர் கேட்டால் ஒரு கூரையாவது வராதா?