ஆகாயப் பிரயாணிகள் ஏமாளிகளா?

ஆகாய விமானம் என்பது பணக்காரர் சங்கதி, அதைப்பற்றி நமக்கென்ன என்று குமராட்சிப் பக்கத்து வாசகர்கள் சிலர் நினைக்கக்கூடும். அது தப்பு. இன்று குமராட்சி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் முதலிய ஊர்களிலிருந்து நகையை அடகு வைத்துச் சீட்டு வாங்கி, வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போகிறவர்கள் ஜமீன்தார்களல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளேயாவார்கள். விமானம் ஒருநாள் நின்றுபோனால் பணக்காரனுக்கு ஒரு விருந்து தவறும். நம்மவனுக்கோ வேலையே தவறும்.

2025-ம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில், இந்தியாவின் உள்நாட்டு விமானப் போக்குவரத்தில் பாதிக்குமேல் தன் கையில் வைத்திருந்த இண்டிகோ கம்பெனி ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. 5-ந் தேதி ஒரே நாளில் ரத்தானவை மட்டும் ஆயிரத்துக்கு மேல். ஜனங்கள் விமான நிலையங்களில் குழந்தை குட்டிகளுடன் தரையில் படுத்துக் கிடந்தார்கள். மற்றக் கம்பெனிகளோ கட்டணத்தைக் கண்டபடி ஏற்றின. பிறகுதான் சர்க்கார் விழித்துக்கொண்டு, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என்பது முதல், தூரத்துக்குத் தக்கபடி 18,000 ரூபாய் வரை உச்சவரம்பு கட்டிற்று.

இதற்குக் காரணம் என்ன? விமானிகளுக்கு வாரத்தில் 48 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும், இராத்திரியில் இறங்கும் வேலையைக் குறைக்க வேண்டும் என்ற புது விதிதான் காரணமாம். தூக்கமில்லாதவன் கையில் நூற்றுக்கணக்கான உயிரை ஒப்படைக்கலாமா? விதி நியாயமானதே. அன்றியும் அது திடீரென்று வந்ததுமல்ல. 2024 ஜனவரியிலேயே வெளியாகி, இரண்டு தவணையாய், கடைசிப் பகுதி 2025 நவம்பர் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷ அவகாசமிருந்தும் போதிய ஆட்களை வைத்துக்கொள்ளாதது யார் குற்றம்? ஆனால் கடைசியில் நடந்தது என்ன? அந்தக் கம்பெனிக்கு மட்டும் 2026 பிப்ரவரி வரை சில விதிகளிலிருந்து விலக்கு கிடைத்தது. முதலாளி செய்த தவறுக்குத் தொழிலாளியின் தூக்கமும் பிரயாணியின் பணமும் அபராதமாயின என்பதுதான் இதன் பொருள்.

நிற்க, பிரயாணிகளுக்கு உரிமையே இல்லையா என்றால், உண்டு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, அப்போதே அமுலிலிருந்தவை இவை: விமானம் ரத்தானால் வேறு விமானம் அல்லது சீட்டுப் பணம், இரண்டிலொன்றைக் கேட்கலாம். உரிய காலத்தில் முன்னறிவிப்பில்லாமல் ரத்து செய்தால், பிரயாண நேரத்துக்குத் தக்கபடி 5,000, 7,500, 10,000 ரூபாய் என்ற வரம்புக்குட்பட்டு நஷ்டஈடும் உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தாமதமானால் ஆகாரம் கொடுக்க வேண்டும். 24 மணிக்கு மேல் தாமதமானால் தங்க இடமும் கொடுக்க வேண்டும்.

ஆனால் இந்த விதியிலும் ஒரு பொந்து இருக்கிறது. கம்பெனியின் சக்திக்கு மீறிய காரணமானால் நஷ்டஈடு இல்லையாம். வெள்ளம், கலகம் ஆகியவற்றோடு சர்க்கார் உத்திரவும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. வெள்ளம் சொல்லிக்கொண்டு வருவதில்லை, சரி. இரண்டு வருஷத்துக்கு முன்பே தெரிந்த உத்திரவு எப்படிச் சக்திக்கு மீறியதாகும்? இந்தப் பொந்தை அடைக்க வேண்டுமென்பதே நமது முதல் கோரிக்கை.

இரண்டாவது குறை நம்மிடமே இருக்கிறது. விமானம் நின்றால், "நம்ம தலைவிதி, புறப்பட்ட நேரம் சரியில்லை" என்று சொல்லி வீடு திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! சகுனமும் ராகுகாலமும் பார்த்துப் புறப்பட்டவனுக்கும் பார்க்காதவனுக்கும் ஒரே விமானந்தானே ரத்தாயிற்று? இது கிரகத்தின் வேலையல்ல, கணக்குப் பார்க்கும் கம்பெனியின் வேலை. நாம் தலையெழுத்தென்று சொல்லச் சொல்ல அவர்களுக்குத்தான் லாபம். ஐரோப்பாவில் 2004-ல் செய்த சட்டப்படி ரத்தான விமானத்துக்கு 250 முதல் 600 யூரோ வரை நஷ்டஈடு கேட்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் தலையில் வேறு எழுத்தா எழுதியிருக்கிறது?

ஆகவே, பிரயாணம் போகிறவர்கள் சீட்டையும், கம்பெனி அனுப்பிய செய்தியையும், கைப்பணத்தில் செலவழித்த ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். ரத்துக்குக் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி கிடைக்கும். அதிலும் தீராவிட்டால், 2019-ம் வருஷச் சட்டப்படி தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூரிலுள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணமில்லை. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டுமென்பதுமில்லை. கம்பெனி இருக்கும் பட்டணத்துக்கு அலைய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆயிரம் ரூபாய்க்காக யார் அலைவது என்று சிலர் கேட்பார்கள். ஒருவன் கேட்டால் அது ஆயிரம் ரூபாய். பதினாயிரம் பேர் கேட்டால் அது கம்பெனிக்குப் புத்தி. கெஞ்சுகிறவனுக்குக் கிடைப்பது தயவு, கேட்கிறவனுக்குக் கிடைப்பது நியாயம். எது வேண்டும் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்வார்களாக.