வீட்டுக்கு ஒரு மரம்

ஜீவாமிர்தம் கலக்கத் தெரிந்தவருக்கு பியர் போடுவதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே வெல்லமும் பயறு மாவும் நுண்ணுயிருக்குத் தீனி. சாணமும் ஒரு பிடி மண்ணும் விதை. பியரில் முளைகட்டிய பார்லியின் இனிப்பு தீனி, ஈஸ்ட் விதை. ஜீவாமிர்தத்தைக் காற்றுப்பட நாம் கலக்கிவிடுகிறோம். பியரை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். பெரிய வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. மெல்பர்னில் இருக்கிற என் அக்கா மகன் போன மாதம் வீட்டிலேயே முதல் ஈடு பியர் போட்டான். அங்கே கடையில் அதற்கென்றே கிட் விற்கிறார்கள். கெட்டியான பார்லிச் சாறு 1.7 கிலோ டின், ஒரு பொட்டலம் உலர் ஈஸ்ட், மூடி போட்ட பெரிய வாளி, உள்ளிருக்கும் காற்று வெளியேறி வெளிக்காற்று உள்ளே வராதபடி ஒரு குழாய், சாற்றின் அடர்த்தி பார்க்க ஒரு மிதவை. பாத்திரம் எல்லாவற்றையும் கிருமி நீக்கிக் கழுவி, டின் சாற்றையும் ஒரு கிலோ சர்க்கரையையும் வெந்நீரில் கரைத்து, 23 லிட்டர் வரை தண்ணீர் ஊற்றி, சூடு ஆறியதும் ஈஸ்ட் தூவி மூடிவிட வேண்டும். மிதவை இரண்டு மூன்று நாள் ஒரே அளவைக் காட்டினால் ஈஸ்ட் தின்று முடித்துவிட்டது என்று பொருள். அதற்கு முன்னால் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். அடைத்த பிறகும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

"உங்களுக்கும் ஒண்ணு அனுப்பட்டுமா மாமா?" என்று கேட்டான். "வேண்டாம்பா. இங்க அதைக் கரைச்சா நான் ஸ்டேஷன்ல இருப்பேன்" என்றேன். சட்டம் ஒரு காரணம். வெயில் இன்னொரு காரணம். அந்த ஈஸ்ட் 18 முதல் 24 டிகிரிக்குள் நிதானமாக வேலை செய்கிற சாதி. மடவார் வளாகத்தில் சித்திரை வெயிலுக்கு வாளியை எங்கே வைப்பது? 30 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் தறிகெட்டு ஓடி, தலைவலி தருகிற சரக்குகளையும் சேர்த்தே உண்டாக்கும். குளிர்பெட்டி வைத்துத்தான் பியர் போடணும் என்றால் அது நம்ம ஊர்ப் பானம் இல்லை. பார்லியும் நம் பயிர் இல்லை.

நம்ம ஊருக்கு ஏற்ற கிட் ஏற்கெனவே தோப்பில் நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம், சேத்தூர் வரை மலையடிவாரம் பூராவும் தென்னைதான். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் தீனி, தண்ணீர், பாத்திரம் எல்லாம் ஒரே இடத்தில். ஈஸ்ட்டைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. காற்றிலும் கலயத்திலும் இருக்கிறது. நம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த ஈஸ்ட் அது. சில மணி நேரத்தில் புளிக்க ஆரம்பித்து நாலைந்து சதம் ஆல்கஹாலைத் தொடும். மறுநாள் காடியாகப் போகத் தொடங்கிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு பூசினால் இந்த வேலை நின்றுபோகும், கிடைப்பது பதநீர். ஆக, நம்ம மாநிலத்தில் பானத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

இயற்கை விவசாயிக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யா செய்முறையில் கள்ளும் ஒரு சேர்மானம். கள் கிடைக்காதவர்கள் இளநீரைப் புளிக்க வைத்தோ, ஈஸ்ட் பொடியும் வெல்லமும் கரைத்தோ சேர்த்துக்கொள்கிறோம். தென்னைமரத்து அடியில் உட்கார்ந்துகொண்டு, கடையில் வாங்கிய ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரிக்கிறோம்.

இப்போது வெளிநாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் வீட்டில் பியர் போட உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி 1963-இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், 1979 பிப்ரவரியிலிருந்து வீட்டு பியருக்கு வரிவிலக்கு கொடுத்தது. ஆனால் அளவு வைத்தார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன். இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக்கூடாது. இரண்டு நாட்டிலும் இந்த மாற்றங்கள் வீட்டில் சாராயம் காய்ச்ச அனுமதி தரவில்லை. ஊறல் போடுவது வேறு, காய்ச்சி இறக்குவது வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த 200 கேலனை நான் லிட்டராக்கிப் பார்த்தேன். ஏறக்குறைய 757 லிட்டர். 365 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் சொச்சம். நல்ல தென்னை ஒன்று ஒரு நாளில் கொடுக்கிற அளவு கிட்டத்தட்ட அதுதான்.

இதிலிருந்துதான் என் கோரிக்கை. மரம் வைத்திருக்கிற உழவர் வீட்டுக்கு ஒரு மரம். தென்னையோ பனையோ, அந்த ஒரு மரத்தில் தன் வீட்டுத் தேவைக்குக் கள் இறக்கிக்கொள்ள உரிமை. விற்பனை கிடையாது. காய்ச்சுவது கிடையாது.

நம்மில் பலர் இதை ஏற்கமாட்டார்கள் என்று தெரியும். கள் இயக்கத்தின் நல்லசாமி ஐயா உள்ளிட்டவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது முழு உரிமை: கள் உணவு, இறக்குவதும் விற்பதும் பருகுவதும் உரிமை என்கிறார்கள். தடை 1987 முதல் நிற்கிறது. பக்கத்து கேரளத்தில் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது. இங்கே ஆலையில் செய்த பியரை டாஸ்மாக்கில் அரசே விற்கிறது. மரத்தில் இறங்கும் கள்ளுக்கு மட்டும் வழக்கு. இந்த அநியாயத்தில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "கள்ளில் போதையே இல்லை" என்று நாம் மேடையில் சொல்லும்போது எதிரே இருக்கிற பெண்கள் நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. நாலைந்து சதம் என்பது பியர் அளவு. அதை ஒத்துக்கொண்டு பேசினால்தான் நம் பேச்சுக்கு மரியாதை.

"விற்காத கள்ளால் வெள்ளாமைக்காரனுக்கு என்ன லாபம்?" என்று கேட்பீர்கள். பணமாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மக்களின் பயம் கள்மேல் இல்லை, விற்பனைமேல் இருக்கிறது. சில மாநிலங்களில் கள்ளில் குளோரல் ஹைட்ரேட்டும் தூக்க மாத்திரையும் கலந்து பிடிபட்டது விற்பனைக் கள்ளில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால் கலந்து விற்ற சாராயம். கலயத்தில் புளித்ததால் வந்த சாவு இல்லை அது. தன் பானையில் தானே விஷம் கலக்க யாருக்கும் காரணம் கிடையாது. விற்பனையை விலக்கிவிட்டால் கலப்படத்துக்கான ஆசையும் சேர்ந்தே போய்விடும்.

வீட்டுப் பெண்களின் கேள்விதான் கனமானது. "கடை தூரத்துல இருக்கும்போதே இந்தப் பாடு, தோப்பிலேயே கலயம் கட்டினா?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். அதற்கு என் பதில், உரிமையை ஆண் கையில் மட்டும் கொடுக்காதீர்கள் என்பது. மரத்துக்கான அனுமதிச் சீட்டில் வீட்டில் இருக்கிற பெண்ணின் கையெழுத்தும் இருக்கணும். அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே கலயம் இறங்கணும். 21 வயது ஆகாதவர்களுக்குக் கிடையாது. ஊரே வேண்டாம் என்றால் கிராம சபை தீர்மானம் போட்டு அந்த ஊருக்கு நிறுத்திக்கொள்ளட்டும். இது புது யோசனையும் இல்லை. அட்டவணைப் பகுதிப் பழங்குடி மக்களுக்கான 1996 பெசா சட்டம், மதுவைத் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ கிராம சபைக்கு அதிகாரம் தரச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி இல்லாததால் அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஆனாலும், குடியைப் பற்றி ஊர் கூடி முடிவெடுக்கலாம் என்று இந்தியச் சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. அசாமில் திமாசா மக்கள் வீட்டில் செய்கிற அரிசிப் பானமான ஜுதிமாவுக்கு 2021-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. நம்ம ஊர்ப் பால்கோவாவுக்குக் கிடைத்த அதே குறியீடு.

மரமேறிகளை மறந்துவிடக்கூடாது. ஒரு மரத்துக்காக ஒருவர் தினம் காலையும் மாலையும் வரமாட்டார். பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து ஒருவரை அமர்த்தினால் அவருக்கு மாதம் நிலையான கூலி, காப்பீடு. பாளை சீவுவது ஒரு பருவத்தில் வருகிற கை இல்லை. தட்டி, நசுக்கி, கட்டி, பாளை பதமாவதைக் கையால் உணர வேண்டிய வேலை. தடை நீள நீள அந்தக் கை குறைகிறது. விதையைக் கூட வங்கியில் வைத்துக் காப்பாற்றலாம். கைப்பழக்கத்துக்கு வங்கி கிடையாது. எனக்கு இந்தக் கோரிக்கையில் அவசரம் இருப்பது இதனால்தான்.

சட்டம் மாறும்வரை யாரும் கலயத்தைச் சுண்ணாம்பு இல்லாமல் கட்ட வேண்டாம். வழக்கு வாங்குவதால் மரமேறிக்குத்தான் முதல் அடி விழும். செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்து வரும் கிராம சபையில் இந்த மூன்று வரியை மனுவாகக் கொடுங்கள்: வீட்டுக்கு ஒரு மரம்; விற்பனை இல்லை; வீட்டுப் பெண்ணின் கையெழுத்தோடு மட்டும். மனு கொடுக்கும் முன்னால் அதை உங்கள் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். அங்கே ஒப்புதல் கிடைத்த மனுவை மட்டும் சபைக்குக் கொண்டுபோங்கள்.